எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு பத்தியக் கஞ்சி போதுமா?

மும்பை செம்பூரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. உங்கள் அம்மாவுக்கு வயது 54. நெடுங்காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. மூன்று மாதங்களுக்கு முன் ஸ்லீவ் எனப்படும் எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டார். வீட்டில் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. சமையல் பாட்டியின் பொறுப்பில் இருப்பதால் இன்றுவரை அரிசிக் கஞ்சி, ரசம் சாதம், ஆரோரூட் கூழ், இளநீர் என்று பத்தியமே நடக்கிறது. எடை நன்றாக இறங்கிவிட்டது. ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வாந்தி, எந்நேரமும் அசதி, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. சத்து மாத்திரைகள் உடம்புக்குச் சூடு என்று நிறுத்தப்பட்டுவிட்டன. மருத்துவமனை தந்த உணவுப் பட்டியலில் டாலியா (கோதுமை ரவை), பனீர் புர்ஜி (உதிர்த்து வதக்கிய பனீர்), பேசன் சில்லா (கடலைமாவு தோசை) என்றே இருந்ததால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. இனி என்ன கொடுக்கலாம், முடி உதிர்வதற்கு என்ன செய்யலாம், காபி குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மும்பையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். இந்த அறுவை செய்துகொண்ட தமிழ்க் குடும்பத்தினர் பலரைப் பார்த்து வருகிறேன். நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. முடியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் பேச வேண்டியது வாந்தியைப் பற்றி.

மூன்று மாதம் ஆன பிறகும் ஒருவர் வாரந்தோறும் வாந்தி எடுக்கிறார் என்றால், இந்த அறுவைக்குப் பிறகு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. காரணம் வேகமாகச் சாப்பிடுவதாக இருக்கலாம். குறுக்கப்பட்ட இரைப்பையில் ஓரிடம் மேலும் சுருங்கிப்போயிருக்கலாம். அதை அறுவை செய்த மருத்துவர்தான் எண்டோஸ்கோப்பி போன்ற சோதனையால் பார்த்துச் சொல்ல முடியும். எக்காரணமாக இருந்தாலும், தொடர் வாந்தியால் முதலில் தீர்ந்துபோவது தயமின் எனப்படும் வைட்டமின் பி1. உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. உணவும் குறைவு, அந்த உணவும் தீட்டிய பச்சரிசிக் கஞ்சி, மாத்திரையும் நிறுத்தம், மேலே வாந்தி என்று நான்கும் சேரும்போது குறைபாடு வர நாள் ஆகாது. காலில் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சில் குழப்பம், நினைவு தடுமாறுவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தாமதித்தால் மூளைக்கும் நரம்புக்கும் நேரும் சேதம் நிரந்தரமாகிவிடக்கூடும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அசதியும் வாந்தியுமாகப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனால், உடனே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பும் வழக்கம் நம் ஊரிலும் உண்டு, மும்பையிலும் உண்டு. தயமின் குறைந்திருக்கும் உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவழிந்து நிலைமை மோசமாகும். ஆகவே எங்கு போனாலும், எடைக் குறைப்பு அறுவை ஆனவர், வாந்தி இருக்கிறது, மாத்திரை எடுக்கவில்லை என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லுங்கள். டிரிப்புக்கு முன்போ அதனுடனோ தயமின் ஊசி போட வேண்டும் என்பது மருத்துவருக்கு உடனே விளங்கிவிடும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் ஒரு நாள் முழுவதும் போனால், அறிகுறி வேறு எதுவும் இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம்.

இனி உணவுக்கு வருகிறேன். பாட்டியின் பத்தியத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. அது இந்த நிலைமைக்கு ஏற்பட்டதன்று, அவ்வளவுதான். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சில நாள் குடலுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவதற்கான ஏற்பாடு அது. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கப்பட்டு, வாழைக்காய் வடிவில் ஒரு குழாய் மட்டும் மிஞ்சுகிறது. தொடக்கத்தில் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 100 முதல் 150 மில்லி. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதியும் நீக்கப்பட்டுவிடுவதால் பசியும் மந்தமாகிவிடும். ஆக, உள்ளே போகும் அளவு குறைவு, கேட்டு வாங்கிச் சாப்பிடும் ஆவலும் குறைவு. இந்த நிலையில் ஒவ்வொரு கரண்டியிலும் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. 20 கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் இருக்கும் புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. ஆரோரூட்டிலும் ஜவ்வரிசியிலும் புரதம் இல்லை என்றே சொல்லிவிடலாம். தெளிவு ரசத்திலும் இளநீரிலும் அதே கதைதான். உங்கள் அம்மாவுக்கோ நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. 60 முதல் 80 கிராம் வரை என்பதே பொதுவான இலக்கு. அது கிடைக்காதபோது உடல் தன் தசையைக் கரைத்துக்கொள்கிறது. தராசில் இறங்கும் கிலோக்களில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று தராசு சொல்லாது. மாடிப்படி ஏறும்போது தொடை நடுங்குவது சொல்லும்.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரம் நீர் உணவு, அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, அதன் பின் இரண்டு வாரம் மென்மையான உணவு, ஏழு எட்டு வாரங்களில் வழக்கமான உணவு என்று ஏறிவருவதுதான் பொதுவான முறை. மருத்துவமனைக்கு மருத்துவமனை சில நாள் முன்பின் இருக்கும். மூன்று மாதம் ஆன உங்கள் அம்மா, இரைப்பையில் சுருக்கம் எதுவும் இல்லாதவரை, வழக்கமான உணவுக்கே வந்திருக்க வேண்டும். இத்தனை நாள் கஞ்சியிலேயே இருந்துவிட்டதால் ஒரு வாரம் மசியலாகவும் கூட்டாகவும் கொடுத்துவிட்டு, பிறகு கெட்டியான உணவுக்கு மாறுங்கள்.

மருத்துவமனையின் பட்டியல் நம் சமையலுக்கு அந்நியமானது என்று தோன்றுவது உண்மைதான். மும்பையில் பெரும்பாலான பட்டியல்கள் மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி அடுப்பங்கரைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் பேசன் சில்லா கேட்கும் இடத்தில் அடையும் பெசரட்டும் தாராளமாக உட்காரும்; பனீர் புர்ஜியை பாட்டி பொடிமாஸாகச் செய்துவிடுவார். அடைக்கு அரிசி ஒரு பங்கு, பருப்பு இரண்டு பங்கு என்று மாற்றி ஊறவைத்தால், 40 கிராம் பருப்பும் 20 கிராம் அரிசியும் சேர்ந்த ஓர் அடையில் ஏறத்தாழ 10 கிராம் புரதம் கிடைக்கும். ஒரே வேளையில் முழு அடையும் இறங்காது. பாதியைக் காலையிலும் பாதியைப் பதினோரு மணிக்கும் கொடுக்கலாம். மொறுமொறுப்பாக வார்க்காமல் மெத்தென்று மூடி வைத்து வார்ப்பது நல்லது. எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை பருப்பு உருண்டைக் குழம்பு. துவரம்பருப்பை அரைத்து ஆவியில் வேகவைத்த உருண்டை மென்மையாகவும் ஈரமாகவும் இருக்கும், எண்ணெய் குறைவு, 40 கிராம் பருப்பில் பிடித்த உருண்டைகளில் 8, 9 கிராம் புரதம் இருக்கும். அதை மோர்க்குழம்பிலும் போடலாம். பருப்பு உசிலியும் நல்லதுதான், ஆனால் பீன்ஸ் நார் இன்னும் சில வாரங்களுக்குத் தொந்தரவு தரும்; வாழைப்பூவும் அப்படியே.

ஒரு நாளைக்கு எப்படிக் கணக்குத் தேறுகிறது என்று பாருங்கள். காலையில் 200 மில்லி பாலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி கரைத்துக் கொடுத்தால் 11 கிராம். மேலே சொன்ன அடையில் 10. மதியம் 50 கிராம் பனீர்ப் பொடிமாஸும் கெட்டியாகக் கடைந்த பாசிப்பருப்பும் சேர்ந்து 13, 14. மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலையில் செய்து நன்றாகக் குழைந்த சுண்டல் என்றால் 6. இங்கே கடைகளில் முளைகட்டிக் கிடைக்கும் மட்கியை (நரிப்பயறு) வாங்கி மராத்தியர் செய்யும் உசல் போலக் காரம் குறைத்துச் செய்தாலும் சரி. இரவில் மீல் மேக்கர் 20 கிராமை ஊறவைத்துப் பிழிந்து, பொடியாக்கிக் கூட்டில் சேர்த்தால் 10. இதுவரை 50. துணிகட்டி நீர் வடித்த தயிர் ஒரு கிண்ணமும் அரைக் கரண்டி புரதப் பவுடரும் மீதியை நிரப்பிவிடும்.

புரதப் பவுடர் என்றதும் உடற்பயிற்சிக் கூடத்துச் சமாசாரம் என்று தயங்க வேண்டாம். வே (whey) என்ற பெயரில் விற்கும் புரதப் பவுடர் பாலிலிருந்து எடுப்பதுதான்; சுத்த சைவ வீட்டுக்கும் ஒத்துவரும். சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து வாங்கி, வெதுவெதுப்பான பாலிலோ நீர்மோரிலோ கரையுங்கள். கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்து கட்டி தட்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பவர் என்பதால், கிரியாட்டினின் பார்த்துச் சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகே புரதத்தை முழு அளவுக்கு ஏற்றுங்கள். பருப்பு வாயு என்று பாட்டி கவலைப்பட்டால், தோல் நீக்கிய பாசிப்பருப்பில் தொடங்கி, பெருங்காயமும் இஞ்சியும் சீரகமும் சேர்க்கச் சொல்லுங்கள்; அந்தக் கைப்பக்குவம் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

எதைச் சாப்பிடுவது என்பதைப் போலவே எந்த வரிசையில் என்பதும் முக்கியம். தட்டில் பருப்போ பனீரோ முதலில் தீர வேண்டும், அடுத்தது காய், இடம் மிச்சமிருந்தால் சோறு. சோற்றில் தொடங்கும் நம் வழக்கத்தில், குழைந்த சாதம் நான்கு வாய் போனதுமே வயிறு நிரம்பிவிடுகிறது. அளவுக்குக் காபி டபராவைப் பயன்படுத்துங்கள். இந்தக் கட்டத்தில் அதில் முக்கால் பங்கு ஒரு வேளைக்குப் போதுமானது. சிறிய தேக்கரண்டியால் எடுத்து, கூழாகும் வரை மென்று, இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். போதும் என்பதை இந்த வயிறு பழைய மாதிரி சொல்லாது. நெஞ்சுக்கு நடுவே ஓர் அழுத்தம், ஒரு விக்கல், திடீரென்று மூக்கில் நீர் வடிவது என்று அடையாளம் தரும். அதற்கு மேல் ஒரு வாய் போனாலும் வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறி, உண்டது மேலே வந்துவிடும். உங்கள் அம்மாவின் வாந்தி உணவு உண்ட சில நிமிடங்களில், நுரையோடு வருகிறதா, அல்லது வெகுநேரம் கழித்து வருகிறதா, கெட்டி உணவுக்கு மட்டுமா நீருக்குமா என்பதை ஒரு வாரம் குறித்து வைத்தால், மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது இனி இல்லை. ரசத்தையும் மோரையும்கூட உணவுக்கு முன்போ, முடித்து அரை மணி கழித்தோ தனியாகக் குடிக்கலாம். நீர் சேர்ந்தால் ஒன்று இடம் போதாமல் வாந்தி வரும், அல்லது உணவு விரைவில் இறங்கி மீண்டும் பசி எடுக்கும். இடைப்பட்ட நேரத்தில் மடக்கு மடக்காக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் உள்ளே போயாக வேண்டும். மும்பையின் புழுக்கத்தில், லோக்கல் ரயிலில் ஒரு முறை போய்வந்தாலே எவ்வளவு வேர்க்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பையில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கட்டும். நாள் முழுவதும் தொடரும் அசதிக்கு நீர்ச்சத்துக் குறைவும் ஒரு காரணமாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

முறுக்கு, மிக்சர், இங்குள்ள ஃபர்சான் வகைகள் பற்றி ஒரு சொல். இவை மெல்லும்போதே கரைந்து, எதிர்ப்பே இல்லாமல் இறங்கிவிடும். இரண்டு அடை சாப்பிட முடியாதவர் ஒரு கிண்ணம் மிக்சரைக் காபியோடு முடித்துவிடுவார். ஓராண்டு கழித்து எடை மீண்டும் ஏறியவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் சோறோ எண்ணெயோ குற்றவாளியாக இருப்பதில்லை, இந்த மாலை நேர நொறுக்குத்தீனிதான்.

மாத்திரைகள் உடம்புக்குச் சூடு என்ற பேச்சை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடச் சொல்லுங்கள். அவை வாழ்நாள் முழுவதும் வேண்டும். உணவு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் வேண்டும். பி12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தாவர உணவில் அது இல்லை. சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. அதை உடல் உறிஞ்சுவதற்கு இரைப்பையின் அமிலமும் இரைப்பையில் சுரக்கும் ஒரு காரணியும் தேவை. அவை சுரக்கும் பகுதியில் பெரும்பங்கு நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் அசிடிட்டிக்குப் பான்டோப்ரசோல் போன்றதும் எடுத்துக்கொண்டிருந்தால், அவையும் பி12ஐக் குறைப்பவை. இப்படிக் குறைந்து காலில் எரிச்சலும் மரமரப்பும் வரும்போது, அது சர்க்கரையால் வந்தது என்று எல்லாரும் எண்ணிவிடுகிறார்கள். தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரையாகவோ, மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசியாகவோ எடுத்துக்கொள்வது வழக்கம்; வாந்தி இருக்கும் இந்நிலையில் ஊசியே மேல் என்பது என் எண்ணம், மருத்துவரிடம் கேளுங்கள்.

கால்சியம் ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், உணவையும் சேர்த்து. ஒரே நேரத்தில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் உடல் ஏற்காது என்பதால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அமிலம் குறைந்த வயிற்றுக்குக் கார்பனேட்டைவிட சிட்ரேட் வகை பொருந்தும். வைட்டமின் டி நாளொன்றுக்கு 3000 சர்வதேச அலகு, ரத்த அளவைப் பொறுத்து மாறும். இரும்புச்சத்து தனி, அதையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு வீண், இரண்டு மணி நேர இடைவெளி தேவை. காபி கேட்டிருந்தீர்கள்: வாந்தி நின்ற பிறகு, டிகாக்ஷன் குறைத்து, சர்க்கரை இல்லாமல், ஒரு சிறு டம்ளர் குடிக்கலாம். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ கூடாது. எங்கள் வீடுகளில் எந்த மாத்திரையையும் காலைக் காபியோடு விழுங்கும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சர்க்கரை மாத்திரையின் அளவை மூன்று மாதத்தில் யாராவது திருத்தினார்களா? உணவு இவ்வளவு குறைந்த பிறகும் கிளிமிபிரைட் போன்ற மாத்திரை பழைய அளவிலேயே தொடர்ந்தால் ரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். அசதிக்கு அதுவும் காரணமாகலாம். இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே கேள்வி உண்டு. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் வகைகளை அறுவை செய்த மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

முடி பற்றி. அறுவையின் அதிர்ச்சியாலும் எடை விரைந்து குறைவதாலும் முடி வேர்கள் மொத்தமாக ஓய்வுக்குப் போய், மூன்றாவது மாதம் வாக்கில் உதிரத் தொடங்குவது இயல்பு. பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் நின்று, திரும்ப முளைத்துவிடும். புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைவாக இருந்தால்தான் அது நீளும். பயோட்டின் என்ற வைட்டமின் சேர்த்த மிட்டாய்களுக்குச் செலவழிக்க வேண்டாம். அதன் குறைபாடு இல்லாதவருக்கு அது பெரிதாக உதவுவதற்குச் சான்று இல்லை, தவிர அதிக அளவில் எடுத்தால் தைராய்டு போன்ற ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிறழக் காட்டும்.

உங்கள் உறவினர் ஒருவர் இரைப்பை பைபாஸ் வகை எடைக் குறைப்பு அறுவைக்கு யோசிக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதில் சிறுகுடலின் தொடக்கப் பகுதியும் தாண்டிவிடப்படுவதால் இரும்பு, கால்சியக் குறைபாடு இன்னும் கூடுதலாக வரும். சர்க்கரைப் பொங்கல், பாயசம் போன்றவை நேரே குடலில் விழுந்து, பத்து முதல் முப்பது நிமிடங்களில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வருவதும், ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை தாழ்வதும் அவ்வகையில் அதிகம். மற்றபடி உணவு முறை ஏறத்தாழ இதுவேதான்.

ஏகாதசி, பிரதோஷ விரதங்களை முதல் ஓராண்டு முழுப் பட்டினியாக இருக்க வேண்டாம். விரத நாளில் மும்பை முழுவதும் மணக்கும் சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி மாவுச்சத்து மட்டுமே. பாலும் பனீரும் கட்டித் தயிரும் கொஞ்சம் வேர்க்கடலையும் விரதத்துக்கு ஆகுமென்றால் அவற்றிலேயே அன்றைய புரதத்தைக் கொண்டுவந்துவிடலாம்.

மூன்று மாதப் பரிசோதனைக்கு இதுதான் நேரம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின், கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், பிறகு ஆண்டுதோறும். ஆனால் அறுவை செய்த மருத்துவரை வாந்திக்காகப் பார்ப்பதை இந்த ரத்த முடிவுகள் வரும் வரை தள்ளிவைக்காதீர்கள். நாளைக்கே நேரம் வாங்குங்கள். நிறுத்திய மாத்திரைகளின் அட்டைகளையும், வீட்டில் இப்போது அவர் எடுத்துக்கொள்ளும் மற்ற எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் பாட்டியையும் உடன் அழைத்துப் போங்கள்.